காய்ச்சலுக்குப் பின் கால்வலி

சளிக்காய்ச்சல் தணிந்த பிள்ளை, மறுநாள் கெண்டைக்கால் நோகிறதென்று நடக்க மறுப்பதுண்டு. இளம்பிள்ளை வாதமோ எனப் பெற்றோர் அஞ்சுவர், பெரும்பாலும் அதுவன்று. இன்புளுவென்சாக் கிருமியால், முக்கியமாக அதன் ‘பி’ வகையால், தசை புண்படுவதே காரணம். 1957-ல் சுவீடன் நாட்டு வைத்தியர் லுண்ட்பெர்க் இதை விவரித்தார். ஓய்வும் நீராகாரமும் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் குணமாகும். ஆஸ்பிரின் கொடுக்கலாகாது, அது பிள்ளையின் ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடும்.

அரிதாகச் சில பிள்ளைகளுக்குத் தசை சிதைந்து, அதிலுள்ள மயோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். பால் விடாத தேத்தண்ணீர் போலிருந்தாலோ, கால் வலுவிழந்தாலோ, கடையடைக்கும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.