மூச்சு திணறும்போது மனம் தளராதிருக்க

ஊதிப் பார்க்கும் சோதனை முடிந்ததும் டாக்டர் சொல்கிறார்: "உங்களுக்கு சி.ஓ.பி.டி. இருக்கிறது. முழுவதும் குணமாகாது, ஆனால் மருந்தும் பயிற்சியும் இருந்தால் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளலாம்." கேட்பவரின் காதில் 'குணமாகாது' என்ற சொல் மட்டுமே நிற்கிறது. அதற்குப் பின் சொன்னது எதுவும் மனதில் பதிவதில்லை. இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று கற்றுக்கொள்வதற்கு முன்பே பயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நுரையீரலுக்கு மருந்து எழுதித் தருகிறார்கள். மனதுக்கு என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. இந்த நோயில் மனமும் மூச்சும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மனதைக் கவனிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

நோயைச் சரியாகப் புரிந்துகொள்வோம்

சி.ஓ.பி.டி. என்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சுக் குழாய்கள் சுருங்கி, காற்று வெளியேறுவது கடினமாகிறது. பழுதான பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் மேலும் பழுதாவதை மெதுவாக்க முடியும். மூச்சிரைப்பைக் குறைக்கவும் முடியும். ஒழுங்காகச் சிகிச்சை எடுத்து, வேலைக்குப் போய், பேரப்பிள்ளைகளோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

இது தொற்றுநோய் அல்ல. தட்டு, டம்ளரைப் பிரித்து வைக்கத் தேவையில்லை. நம் ஊரில் நெஞ்சு நோய் என்றாலே காசநோய் என்ற பழைய அச்சம் இன்னும் போகவில்லை. 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் இன்று எல்லா வகை நுரையீரல் நோய்களையும் பார்க்கும் அரசு மருத்துவமனை. மருத்துவம் மாறிவிட்டது, நம் பேச்சுதான் மாறவில்லை. 'வெளியே தெரிந்தால் மகளுக்குச் சம்பந்தம் வராது' என்று நோயை மறைப்பவர்கள் மருந்தையும் மறைத்து மறைத்தே எடுக்கிறார்கள். நாளடைவில் அது விட்டுப்போகிறது.

"எனக்கு ஏன் வந்தது?"

பீடி, சிகரெட் பிடித்தவரை வீட்டார் குறை சொல்கிறார்கள்; அவரும் தன்னையே நொந்துகொள்கிறார். புகையை ஒருநாளும் தொடாத பெண்ணோ, 'நான் என்ன பாவம் செய்தேன்' என்று கலங்குகிறார். இருவருக்கும் ஓர் உண்மை தெரிய வேண்டும்.

நம் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில், புகைப்பழக்கம் இல்லாத 900 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2011-இல் வெளியானது. அவர்களில் 2.44 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 40 பேரில் ஒருவருக்கு, இந்த நோய் இருந்தது. நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நின்று சமைத்த பெண்களிடம் அது 3 சதவீதமாக இருந்தது. விறகு, வரட்டி, சுள்ளிப் புகையில் இருபது முப்பது ஆண்டுகள் குடும்பத்துக்குச் சோறாக்கியவர்களின் நுரையீரலில் அந்தப் புகை தங்கிவிடுகிறது.

ஆண்களுக்கும் பீடி மட்டுமே காரணமல்ல. 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் நமக்கு வார்ப்பட வேலை, கிரைண்டிங், வெல்டிங், பெயின்ட் அடித்தல் எல்லாம் தெரிந்த தொழில்கள். அவற்றின் தூசியும் புகையும் நுரையீரலைக் கெடுக்கக்கூடியவை. முன்பு வந்துபோன காசநோய் விட்டுச்சென்ற தழும்பும் காரணமாகலாம்.

புகைப்பழக்கம் இருந்தவர் இன்றே விட்டால் நோயின் வேகம் குறையும். எந்த வயதில் விட்டாலும் பலன் உண்டு. ஆனால் குத்திப் பேசினால் யாரும் விடுவதில்லை. மறைந்து போய்ப் பிடிக்கிறார்கள். தவ்பாவின் கதவை அல்லாஹ் திறந்து வைத்திருக்கும்போது, பழைய கணக்கை நாம் தினமும் எடுத்துப் புரட்ட வேண்டியதில்லை.

அழுவது பொறுமைக்கு எதிரானதா?

நோய் உறுதியானதும் அதிர்ச்சி, நம்ப மறுப்பது, கோபம், துக்கம் எல்லாம் வரும். வரிசையாக வராது, காலையில் தெம்பும் இரவில் பயமுமாக மாறி மாறி வரும். இழந்தது சிறியதல்ல. மாடிப்படி ஏறிய கால், ஓவர்டைம் பார்த்த உடம்பு, பள்ளிவாசலுக்கு நடந்து போன வழக்கம் எல்லாம் குறைகின்றன. அதற்காக வருந்துவது இயல்பு.

'ஸபூர் செய்யுங்கள், அழாதீர்கள்' என்று உடனே வாயை அடைக்க வேண்டாம். மகன் யூசுஃபைப் பிரிந்த துக்கத்தில் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று திருக்குர்ஆன் சொல்கிறது. அதே யஃகூப் (அலை) அவர்கள்தான் அழகிய பொறுமைக்கு உதாரணமானவர்கள்; அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள். நபி (ஸல்) அவர்களும் தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார்கள். கண்ணீரும் பொறுமையும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும். மருந்தை விட்டுவிட்டு 'விதி' என்று படுத்துக்கொள்வதுதான் பொறுமையில் சேராது.

பயமும் மூச்சும் சுழலும் வட்டம்

பயம் வந்தால் எவருக்கும் மூச்சு வேகமாகும், மேலோட்டமாகும். குழாய் சுருங்கியவருக்கு, உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. காற்று உள்ளேயே தேங்கி, நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கிறது. அதனால் பயம் கூடுகிறது. பயம் கூட மூச்சு மேலும் வேகமாகிறது. இந்த வட்டத்தை நடுவில் வெட்ட வேண்டும்.

1. உட்கார்ந்து சற்று முன்னால் சாயுங்கள். முழங்கைகளை மேசை மேலோ தொடை மேலோ ஊன்றுங்கள்.
2. தோள்களைத் தளர விடுங்கள். மூக்கால் மெதுவாக இரண்டு எண்ணும்வரை மூச்சை இழுங்கள்.
3. விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். அழுத்தி ஊத வேண்டாம்.
4. முகத்தில் காற்று படும்படி கைவிசிறியால் விசிறச் சொல்லுங்கள். முகத்தில் படும் குளிர்ந்த காற்று மூச்சுத்திணறல் உணர்வைக் குறைக்கும்.

திணறல் இல்லாத நேரத்திலேயே இதை நாளுக்கு இரண்டு மூன்று முறை பழகுங்கள். டாக்டர் அவசரத்துக்குக் கொடுத்த இன்ஹேலரைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இன்ஹேலர் போதைப் பழக்கம்போல் ஒட்டிக்கொள்ளும் என்ற பேச்சு தவறு. இவ்வளவுக்குப் பின்னும் திணறல் அடங்காவிட்டால், ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாவிட்டால், உதடு நீலமானால், குழப்பமாகப் பேசினால் 108-ஐ அழையுங்கள். அதை வெறும் பயம் என்று ஒதுக்காதீர்கள்.

இன்னொரு வட்டமும் உண்டு. மூச்சு வாங்கும் என்று நடக்காமல் இருந்தால் கால் தசைகள் மெலியும். பிறகு சிறு நடைக்கும் அதிகமாக மூச்சு வாங்கும். டாக்டரிடம் கேட்டு, நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி கிடைத்தால் சேருங்கள். பாடி மேம்பாலத்துப் புகையில் நடக்காமல் உள்தெருக்களில் நடங்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கி, நின்று நின்று நடந்தாலும் போதும்.

தொழுகையும் நோன்பும்

பலருக்குப் பெரிய வேதனை இதுதான். ருகூஉ, சுஜூதில் குனியும்போது மூச்சு முட்டுகிறது. நாற்காலியில் அமர வெட்கப்பட்டு ஜும்ஆவுக்கே வராமல் இருந்துவிடுகிறார்கள். நோயுற்றிருந்த தோழர் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள், நின்று தொழவும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் படுத்தும் தொழவும் வழிகாட்டினார்கள். நாற்காலியில் தொழுபவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பதை நாமும் விட வேண்டும்.

நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்கள் சொல்கின்றன. இன்ஹேலரால் நோன்பு முறியுமா என்பதில் ஆலிம்களிடையே இரு கருத்துகள் உண்டு. ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடமும் இமாமிடமும் கேட்டுத் தெளியுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

வீட்டார் செய்ய வேண்டியவை

வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றை அவருக்காக நிறுத்துங்கள். வலீமா விருந்தில் விறகடுப்புப் புகை வராத பக்கம் அவரை உட்கார வையுங்கள். 'எல்லாம் மனப்பிரமை' என்றும், 'அன்றே சொன்னேனே' என்றும் சொல்லாதீர்கள். 'இன்று எப்படி இருக்கிறது, அத்தா?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். மூச்சு வாங்குபவர் மெதுவாகத்தான் பேசுவார்.

எல்லா வேலையையும் அவர் கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள். காய் நறுக்குவது, கணக்குப் பார்ப்பது, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது என்று உட்கார்ந்து செய்யும் பொறுப்பு இருந்தால் 'நான் பாரம்' என்ற எண்ணம் குறையும். டாக்டரிடம் போகும்போது ஒருவர் கூடப் போய், கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். இரவெல்லாம் விழித்துக் கவனிக்கும் மனைவிக்கும் மருமகளுக்கும் வாரத்தில் ஒருநாளாவது ஓய்வு கொடுங்கள்.

துக்கம் நீடித்தால்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, வாழ்வதே வீண் என்ற எண்ணம் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இந்த நோயாளிகளிடம் அது அதிகம் காணப்படுகிறது. அதை ஈமான் குறைவு என்று எண்ணாதீர்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. சிகிச்சை செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். சில மாத்திரைகள் மூச்சையே மந்தமாக்கும்.

14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் மனநல ஆலோசனை கிடைக்கும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காமல் அருகில் உள்ளவரிடம் சொல்லுங்கள். நுரையீரல் சிகிச்சைக்கு ஓட்டேரி, சேத்துப்பட்டு, தாம்பரம் ஆகிய இடங்களில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைகள் உள்ளன. நடமாட முடியாதவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபி கிடைக்க வழியுண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

குடும்பமாக அமர்ந்து பேச

1. நம் வீட்டில் நோயாளி எதற்கு அதிகம் பயப்படுகிறார்? அவரிடமே கேட்டோமா?
2. நம் வீட்டில் எந்தப் புகையை இன்றே நிறுத்தலாம்?
3. திணறல் வந்தால் யார் என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியுமா?
4. நம் தெருவில் இந்த நோயோடு தனியாக இருப்பவர் யார்? இந்த வாரம் அவரை நலம் விசாரிக்க யார் போவது?

நோயுற்றவரை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. போகும்போது அத்தர் பூசிக்கொள்ளாமல் போங்கள். கடும் வாசனை அவருக்கு ஆகாது. அல்லாஹ் நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், அவர்களைக் கவனிப்போருக்கு நற்கூலியையும் தருவானாக. ஆமீன்.