குளோன் வார்ஸ் தொடரைப் பிள்ளைகளுக்குப் போடும் முன்...

பிள்ளைகள் ‘ஸ்டார் வார்ஸ்: த குளோன் வார்ஸ்’ பார்க்கணும் என்று நச்சரிக்கிறார்களாம், விடலாமா அக்கா என்று கேட்டாய். விடலாம் தங்கச்சி. ஆனால் ரிமோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போய்விடாதே.

2008-ல் தொடங்கி 2020-ல் முடிந்த தொடர் இது. 7 சீசன், 133 எபிசோடு. முதல் சீசன் பெரும்பாலும் சாகசம்தான். அதைப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று மொத்தத்துக்கும் சம்மதம் சொல்லிவிடாதே, போகப் போகக் கதை இருட்டாகும். மூன்று நான்கு எபிசோடு சேர்ந்துதான் பல இடங்களில் ஒரு கதை. ஒவ்வொன்றும் சுமார் 22 நிமிடம் என்பதால், ஒரு கதையை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பாதியில் நிறுத்தினால், கெட்டவன் ஜெயித்த இடத்தோடு பிள்ளை படுக்கப் போகும்.

மூன்றாம் சீசனில் 12 முதல் 14 வரை சூனியக்காரிகள் வருகிறார்கள். நான்காம் சீசன் 19-ல் செத்தவர்களை எழுப்பிச் சண்டைக்கு அனுப்புகிறார்கள். சின்னவனுக்கு இவை வேண்டாம். பெரியவள் பார்த்தால், அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் 1 சாமுவேல் 28 வாசியுங்கள். ராஜாவாயிருந்த சவுல் பயத்தில் எந்தோரில் யார் வாசலில் போய் நின்றான் என்று அவளையே சொல்லச் சொல்.

எனக்கு இதைவிடக் கவலை, மூன்றாம் சீசனில் 15 முதல் 17 வரையுள்ள மோர்டிஸ் கதை. சூனியக்காரி கெட்டவள் என்று பிள்ளைக்கே தெரியும். இங்கே அப்படியில்லை. தகப்பன், மகன், மகள் என்று மூன்று பேர். மகள் வெளிச்சம், மகன் இருள், இரண்டும் ஒன்றையொன்று மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது தகப்பன் வேலை. ‘பிதா, குமாரன்’ என்று கேட்டே வளர்ந்த பிள்ளை குழம்பாதா? பார்க்கும் முன்பே பேசிவிடு. இந்த வெளிச்சத்துக்கும் இருளுக்கும் பின்னால் தொடர் காட்டும் ‘ஃபோர்ஸ்’ வெறும் சக்தி. அதற்கு நம் பேர் தெரியாது, மன்னிக்கவும் தெரியாது. நாம் ஜெபிக்கிற தேவன் நமக்குச் செவிகொடுக்கிறவர், நம்மை நேசிக்கிறவர். பிசாசு அவரால் படைக்கப்பட்டு விழுந்துபோனவன், தராசின் மறுதட்டில் அவருக்குச் சமமாக வைக்கும் எடைக்கல் அல்ல. இந்த ஒன்று தெளிவாக இருந்தால் போதும், மற்றதைத் தைரியமாகப் பார்க்கலாம்.

கட்டாயம் பார்க்க வேண்டிய கதைகளும் உண்டு. மூன்றாம் சீசனின் முதல் இரண்டு எபிசோடை விட்டுவிடாதே. போருக்கென்றே உருவாக்கப்பட்ட குளோன் வீரர்களில் ஒருவன் உடல் கோணலாகப் பிறந்துவிடுகிறான். அவனுக்குப் பேர்கூட இல்லை, 99 என்று எண்தான். சண்டைக்கு ஆகமாட்டான் என்று துப்புரவு வேலைக்கு விடப்பட்டவன், துவண்டுபோகும் வீரர்களைத் தேற்றுகிறான். எதிரி தாக்கும்போது சகோதரர்களுக்காக ஓடி ஓடி உயிரையே கொடுக்கிறான். மனிதன் தேவ சாயலில் உண்டாக்கப்பட்டவன் என்று சண்டே ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறோமே, அதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும் இடம் இது. முடிந்ததும் நீ முந்திக்கொண்டு விளக்காதே. ‘அவனை யார் மதிச்சாங்க, யார் மதிக்கலை?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு.

நான்காம் சீசன் 7 முதல் 10 வரை உம்பாரா போர். கிரெல் என்ற ஜெனரல் வீரர்களை எண் சொல்லித்தான் கூப்பிடுவான், அவர்கள் உயிரை மதிக்கமாட்டான். சூழ்ச்சி செய்து சொந்த ஆட்களையே ஒருவரையொருவர் சுட வைக்கிறான். மேலதிகாரி சொன்னால் எதையும் செய்யலாமா? யாத்திராகமம் 1-ல் பார்வோன் சொல்லியும் குழந்தைகளைக் கொல்லாத மருத்துவச்சிகள் சிப்பிராளையும் பூவாளையும் எடுத்துக்கொள். அன்றைக்கு மாப்பிள்ளையையும் கூட உட்கார வை. வேலையிடத்தில் மனசாட்சிக்கு ஒவ்வாததைச் செய்யச் சொன்னால் அவர் என்ன செய்வார் என்று பெரியவள் நிச்சயம் கேட்பாள், அதற்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும். சின்னவனுக்கு மட்டும் இந்த நான்கும் இப்போது வேண்டாம், பன்னிரண்டு வயது தாண்டட்டும்.