பழைய உடுப்புக்குப் புது வாழ்வு

மற்றவர் உடுத்ததை உடுத்தக் கூச்சமா? அக்காவின் சட்டையைப் போட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்! அதோடு, புதிதாக ஒரு பருத்திச் சட்டை உருவாகச் சுமார் 2,700 லீற்றர் தண்ணீர் செலவாகிறது என்பது உலகக் கணக்கு.

வாங்கும்போது: துணியை வெயிலுக்கு நேரே பிடியுங்கள். அக்குளிலும் இருக்கைப் பக்கத்திலும் இழை மெலிந்து வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். தெறி இல்லாதது குறையே அல்ல. உள்தையலில் ஒரு விரல் அகலம் துணி விட்டிருந்தால் தையல்காரர் பெருப்பித்துத் தருவார். கொலர் நைந்த சட்டையா? கொலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தால் இன்னும் சில வருடம் ஓடும்.

புதிதாகத்தான் வேண்டுமென்றால்: கல்முனைப் பக்கம் மருதமுனைக் கைத்தறிச் சாரமோ சீலையோ ஒன்று போதும். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் மலிவு உடுப்பு மூன்றை விட அது உழைக்கும். முதல் சலவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில். உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் காயப்போடுங்கள்.

மாரியில்: வாவிக்கரை ஈரத்தில் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். கார்த்திகை, மார்கழியில் பொலித்தீன் பையில் கட்டி வைக்கவே கூடாது. வெயில் கண்ட அன்றே உதறிக் காயவிடுங்கள். பட்டுச் சீலையை இடைக்கிடை மடிப்பு மாற்றி வையுங்கள், ஒரே மடிப்பில் இழை அறும்.

கொடுக்கும்போது: 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் நிவாரணமாக வந்த உதவாத பழந்துணி தெருவில் குவிந்தது. துவைத்து, தெறி தைத்து, நீங்களே உடுத்தக்கூடியதை மட்டும் கொடுங்கள்.