பினாங்கில் பசியாற என்ன கேட்பது?

கேள்வி: எங்கள் ஊர் கோட்டைப்பட்டினம். அத்தா பினாங்கில் பல வருடம் சபுராளியாக (கடல் கடந்து பிழைக்கப் போனவராக) இருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போய், ரொட்டிக் கடையில் மாவு பிசைந்து, பிறகு ரொட்டி போட்டவர். ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கே பசியாறியதைத்தான் பேசுவார்: நாசி லெமாக், தே தாரிக் என்று. இப்போது என் மகன் அங்கே வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் முதல்முறையாகப் போகிறேன். வயது 58, சர்க்கரை இருக்கிறது. “நல்ல ஓட்டலில் இட்லி வாங்கித் தருகிறேன்” என்கிறான் மகன். எனக்கு அத்தா சாப்பிட்டதைச் சாப்பிட ஆசை. தெருக்கடையில் எதைச் சாப்பிடலாம்? ரொட்டி சானாய் நம் பரோட்டாதானா? திரும்பி வந்து நாசி லெமாக்கை வீட்டில் செய்ய முடியுமா?

— வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: சகோதரி, இட்லி ஊரிலேயே இருக்கட்டும். ஒட்டுக்கடைக்குப் போங்கள். மலேசியத் தமிழர்கள் தெருவோரச் சிறுகடையை அப்படித்தான் சொல்கிறார்கள். காலை உணவுக்கு அவர்கள் சொல்லும் சொல், நீங்கள் எழுதியிருக்கும் அதே ‘பசியாறுதல்’. மலேசியாவின் காலைச் சாப்பாட்டுப் பழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அதில் பெயர் பெற்றவை. இந்த மூன்றில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும், உங்கள் அத்தாவைப் போலக் கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம்களின் கடைகளோடு வளர்ந்தவை. அந்தக் கடைக்கு அங்கே ‘மாமாக் கடை’ என்றே பெயர். நம் ‘மாமா’தான் மலாய்க்காரர் வாயில் ‘மாமாக்’ ஆனது.

ரொட்டி சானாயும் நம் பரோட்டாவும் ஒருதாய்ப் பிள்ளைகள், ஆனால் ஒன்றல்ல. மைதா மாவைப் பிசைந்து, உருண்டைகளை எண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய துணி போல வீசி எடுப்பதுவரை இரண்டுக்கும் ஒரே வேலைதான். அதற்குப் பிறகு நாம் முறுக்கிச் சுருட்டுகிறோம். அங்கே பெரும்பாலும் சதுரமாக மடித்துக் கல்லில் போடுகிறார்கள். அதனால் நம்முடையதைவிட இலேசாக, மேலே மொறுமொறுப்பாக வரும். தொட்டுக்கொள்ள சால்னாவுக்குப் பதில் பருப்புக் குழம்பு. பெரிய வித்தியாசம் பொழுதில்தான்: அறந்தாங்கியில் சாயங்காலம் கல் சூடேறும் பண்டம், அங்கே விடிகாலையில் தட்டுக்கு வருகிறது. வெறும் ரொட்டிக்கு ‘ரொட்டி கோசோங்’, முட்டை போட்டதற்கு ‘ரொட்டி தெலோர்’ என்று கேளுங்கள். குழம்பை மேலேயே ஊற்றித் தரவேண்டுமென்றால் ‘பஞ்சிர்’. மலாயில் வெள்ளம் என்று பொருள். பல கடைகளில் வேலை பார்ப்பவர்கள் நம் பக்கத்துப் பிள்ளைகள்தான், தமிழிலேயே கேட்கலாம்.

நாசி லெமாக்கை முதல் நாளே சாப்பிடுங்கள். நாசி என்றால் சோறு. லெமாக் என்பது தேங்காய்ப்பாலின் கொழுப்புச் சுவை. தேங்காய்ப்பாலில் ரம்பை இலை போட்டு வேகவைத்த சோறு, காரமும் இனிப்புமான சம்பால் என்ற மிளகாய் விழுது, பொரித்த நெத்திலி, வறுத்த கடலை, வெள்ளரித் துண்டு, அவித்த முட்டை. வாழையிலையில் கூம்பாக மடித்து அடுக்கியிருக்கும் சிறு பொட்டலமே உங்களுக்குப் போதும். இலையைப் பிரித்ததும் வரும் வாசனையைத்தான் உங்கள் அத்தா ஊர்வரை சுமந்து வந்திருக்கிறார். சம்பாலில் ‘பிளாச்சான்’ என்ற இறால் விழுது சேரும். இறால் ஒவ்வாதவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

சர்க்கரை விஷயத்தில் தட்டைவிடக் குவளைதான் எனக்குக் கவலை. தே தாரிக் நம் ஆற்றிய டீதான், ஆனால் இனிப்பூட்டிய டின்பால் ஊற்றியது. ஆசைக்கு மகன் குவளையில் இரண்டு வாய் குடியுங்கள். உங்களுக்கென்று ‘தே ஓ கோசோங்’ சொல்லுங்கள்: பாலும் சீனியும் இல்லாத தேநீர். ‘தே ஓ’ என்று மட்டும் சொன்னால் சீனி போட்டுவிடுவார்கள். ரொட்டியையும் நாசி லெமாக்கையும் ஒரே காலையில் சேர்க்காதீர்கள். இடையில் ஒரு நாள் தோசை சாப்பிடுங்கள். மாமாக் கடைகளில் ‘தோசை’ என்றே கிடைக்கும். மருத்துவர் தந்த மாத்திரை நேரம் அங்கே குழம்பிவிடக்கூடாது. நம்மைவிட அவர்கள் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எந்த நேரத்தில் போடுவது என்று போகும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலாய்க்காரர் கடை, மாமாக் கடை இரண்டிலும் ஹலால் பற்றிய கவலை வேண்டாம். சீனர்களின் ‘கோப்பித்தியாம்’ காப்பிக் கடைகளில் மட்டும் விசாரித்து உட்காருங்கள். ஹலால் என்று தெரிந்த கடையானால் ரொட்டி பாக்கார் கேளுங்கள். சுட்ட ரொட்டியில் வெண்ணெயும் ‘காயா’வும் தடவித் தருவார்கள். தேங்காய்ப்பால், முட்டை, சீனி, ரம்பை சேர்த்துக் கிண்டியது காயா. அதில் ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம்.

எதையும் கண்முன்னே போட்டுத் தருகிற, கூட்டம் நிற்கிற கடையாகப் பாருங்கள். காலை வெகுநேரம் ஆகிவிட்டால் நல்ல நாசி லெமாக் தீர்ந்துவிடும்.

வீட்டில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். நெத்திலி உங்கள் கரையிலேயே இறங்குகிறது. கடலைக்கு ஆலங்குடிப் பக்கம், தேங்காய்க்குக் கீரமங்கலம் பக்கம் இருக்கின்றன. தேங்காய்ப்பால் சோறு உங்கள் அடுப்புக்குப் புதிதும் அல்ல. முக்கியமாகக் குறைவது ரம்பைதான். அங்கிருந்து செடியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவராதீர்கள். அனுமதியில்லாமல் கொண்டுவரும் செடியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். நம் ஊர் நாற்றுப்பண்ணைகளில் கேளுங்கள், பிரியாணி இலைச்செடி என்ற பெயரில் விற்கிறார்கள். கிணற்றடியில், பாதி நிழலில் வையுங்கள். ரம்பையை விதை போட்டு வளர்க்க முடியாது. தூரில் வரும் பக்கக்கன்றைப் பிரித்து நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும்.