பில்லிங் சாப்ட்வேர் ஏன் தூங்குகிறது?

கணக்கு சாப்ட்வேரை விர்ச்சுவல் சர்வருக்கு மாற்றிய பின், ஒரு பில் போட அரை நிமிடம் ஆகிறது என்று கடை வைத்திருக்கும் நண்பர் அழைத்தார். மாலை நேரத்தில் கவுண்டரில் கூட்டம் நிற்கிறது. புது சர்வருக்குக் கொட்டேஷனே வாங்கிவிட்டார். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு பயன்பாடு 12% தான்!

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஒரே கம்ப்யூட்டரைப் பல விர்ச்சுவல் சர்வர்கள் பங்கு போடுகின்றன. தன் முறை வரும் வரை ஒரு சர்வர் காத்திருக்கும் நேரம், அதற்குள் இருக்கும் டாஸ்க் மேனேஜரில் தெரியாது. வெளியே, விஎம்வேர் பக்கம் பார்க்க வேண்டும்.

வி-ஸ்பியர் கிளையண்ட்டில் சர்வரைத் தேர்ந்தெடுத்து மானிட்டர், பெர்பாமன்ஸ், அட்வான்ஸ்டு செல்லவும். சார்ட் ஆப்ஷன்ஸில் சிபியு பிரிவில் ‘ரெடி’ என்பதை டிக் செய்திடவும். ரியல்-டைம் வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் 20 விநாடிகளுக்கானது. எனவே 1,000 மில்லி செகண்ட் என்றால் 5%. ஒரு விர்ச்சுவல் ப்ரோசசருக்கு 10% தாண்டினால் வேகம் குறைவது நன்றாகவே தெரியும். நண்பரிடம் 2,800, அதாவது 14%.

8 கோர் மெஷினில் மூன்று சர்வர்கள்; ஒவ்வொன்றுக்கும் 8 ப்ரோசசர் கொடுத்திருந்தார்கள். கேமரா பதிவு சர்வர் எட்டையும் விழுங்கிக் கொண்டிருந்தது. ஷட் டவுன் செய்து, எடிட் செட்டிங்ஸில் கேமராவுக்கு 4, மற்ற இரண்டுக்கும் தலா 2 என்று குறைத்தோம். குறைத்தால் வேகம் கூடுமா என்று நண்பர் சிரித்தார். மறுநாள் பில் மூன்று விநாடியில் வந்தது. கொட்டேஷன் குப்பைக்குப் போனது.

எட்டு மாதப் பழைய ஸ்நாப்ஷாட் ஒன்றும் கிடந்தது. அதை 72 மணி நேரத்திற்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது விஎம்வேர். பேக்கப் எடுத்த பிறகு, கடை மூடியதும் நீக்கவும். பெரியதென்றால் பல மணி நேரம் பிடிக்கும்.