மாடியில் ஒரு தட்டு

2020ஆம் ஆண்டு பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடங்கள் கைப்பேசி வழியே நடந்தன. கைப்பேசிக் கோபுரத்தின் அலை சரிவர எட்டாத மலையூர்கள் நம் தருமபுரி மாவட்டத்தில் உண்டு. தேர்தல் காலத்தில் வாக்கு இயந்திரங்களைக் கழுதைகள் சுமந்து சென்ற கோட்டூர் மலையை யார் அறியார்? இத்தகைய ஊர்களுக்குச் செயற்கைக்கோள் வழி இணையம் ஒரு வரப்பிரசாதமாகும். அதற்கான உரிமத்தை 2025 ஜூன் மாதம் ஸ்டார்லிங்க் நிறுவனம் இந்திய அரசிடம் பெற்றது. ஆனால் அதன் கருவிக்கு மின்சாரம் எவ்வளவு வேண்டும், நம் ஊர் வெயிலை அது தாங்குமா என்பதை நாம் ஆராய வேண்டாமா?

நம் வீட்டு டிவி தட்டு ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் கோளை நோக்கிச் சும்மா இருக்கும். இப்புதிய தட்டோ சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் விரைந்தோடும் கோள்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து, செய்தியைப் பெறவும் அனுப்பவும் செய்கிறது. ஆகவே சாதாரண வகைத் தட்டு 75 முதல் 100 வாட் வரை மின்சாரம் உண்கிறது.

75 வாட் என்றே கணக்கிடுவோம். நாள் முழுதும் ஓடினால் 1.8 யூனிட்; அறுபது நாளில் 108 யூனிட்! தமிழக அரசு 2016இல் இரு மாதத்திற்கு இலவசமாக்கிய 100 யூனிட்டையும் இத்தட்டு ஒன்றே விழுங்கிவிடும். விளக்குக்கும் விசிறிக்கும் நம் பெற்றோர் எங்கே போவார்கள்? இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை சுவிட்சை அணைத்து வைத்தால் 72 யூனிட்டாகக் குறையும். 25 முதல் 40 வாட்டில் இயங்கும் சிறிய வகையும் உண்டு. மலையூர் வீட்டிற்கு அதுவே உகந்தது என்பது எங்கள் கருத்து. மேலும், இத்தட்டில் பனிக்கட்டியை உருக்கும் சூடேற்றும் வசதி ஒன்று இருக்கிறது. குளிர்நாட்டாருக்கான அதை தருமபுரியில் அணைத்துவிடலாம்!

இனி வெப்பம். கருவி உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி முடிவில் வெப்பமாகவே மாறுகிறது. அத்துடன் வானம் பார்த்தே இருக்க வேண்டிய தட்டு நிழலில் ஒதுங்கவும் முடியாது. 2021 ஜூனில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒருவருடைய தட்டு 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் தானே நின்றுவிட்டது. 40 டிகிரிக்கு இறங்கினால்தான் மீண்டும் இயங்குவேன் என்றது. அவர் தண்ணீர் தெளித்து ஆற்றினார். ஒகேனக்கல் குடிநீரைக் குடம் குடமாகப் பிடித்து வைக்கும் நமக்கு அந்த வழி ஒத்துவராது. தட்டைக் கொதிக்கும் தளத்தின்மேலோ தகரக் கூரையின்மேலோ கிடத்தாமல், கம்பம் நட்டு உயர்த்தினால் அடியில் காற்று புகுந்து வெளியேறும். தளத்திற்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் கீழிருந்து வரும் சூடும் குறையும். தட்டின்மேல் தகரமோ உலோக வலையோ போர்த்தினால் அலையே தடைபடும்.

வீட்டினுள் இருக்கும் ரூட்டர் பெட்டிக்கும் காற்று வேண்டும். அலமாரிக்குள் பூட்டாதீர்கள், அடுப்பங்கரைச் சுவரிலும் வேண்டாம். கைவேலை வகுப்பில் நாம் பின்னிய பூத்துணியை டிவி மேல் விரிப்பதுபோல் இதன்மேல் விரித்து, காற்றுத் துளைகளை மூடிவிடாதீர்கள்.