தலைமேல் வைக்கும் காந்தம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையிலுள்ள கெடாரின் பெயர், 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பக்கத்துக் குண்டலப்புலியூரில் நடந்துவந்த ஓர் ஆசிரமத்திலிருந்து மனநோயாளிகளும் ஆதரவற்றோருமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மீட்கப்பட்ட செய்தியோடு சேர்ந்து, தமிழ்நாடெங்கும் அடிபட்டது. அங்கு நடந்தது என்ன என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் காரியம். ஆனால், சித்தம் கலங்கியவருக்கு வைத்தியத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை, எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டியதுதான் என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடம் வேரூன்றியிருக்கும்வரையில், அப்படிப்பட்ட இடங்களுக்கு ஆள் குறையப்போவதில்லை என்பது என் அபிப்பிராயம். மூளைக்கு வெளியிலிருந்தே அளிக்கப்படும் சிகிச்சைகளைப் பற்றிய தவறான எண்ணங்களும் அந்த வேரிலிருந்து கிளைத்தவையே.

அவற்றுள் முதலாவது, தலையில் கருவி வைத்தாலே அது ‘கரண்ட் ஷாக்’ என்பது. அமாவாசை இரவில் மேல்மலையனூர்க் கோயிலுக்கு அழைத்துப்போகத் தயங்காத குடும்பத்தார், ஆஸ்பத்திரியில் இந்தப் பேச்சு எழுந்தவுடனே நோயாளியை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கை கால்களைக் கட்டிப்போட்டு, அலற அலற மின்சாரம் பாய்ச்சும் சினிமாக் காட்சிதான் அவர்கள் மனத்தில் நிற்கிறது. 1938-இல் ரோமாபுரியில் செர்லெட்டி, பினி என்னும் இருவர் தொடங்கிய மின்வலிப்புச் சிகிச்சைகூட இன்று அவ்விதம் நடப்பதில்லை. மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்யலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதித்திருக்கிறது. உணவையே மறுத்துவிட்ட கடும் மனச்சோர்விலும், அசைவற்று விறைத்துப்போகும் நிலையிலும் அதைப்போல் விரைவாக உயிரைக் காக்கும் சிகிச்சை அரிது. அதனால் சிலருக்கு ஞாபகமறதி உண்டாவதும் மெய்யே, அதை மறைக்கலாகாது.

காந்தத் தூண்டல் என்பதோ மின்வலிப்புச் சிகிச்சையினின்றும் வேறானது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1985-இல் ஆன்டனி பார்க்கரும் அவருடைய சகாக்களும் முதன்முதலாகக் காட்டிய இம்முறையில், இன்று நோயாளி விழித்தபடியே நாற்காலியில் சாய்ந்திருக்க, எட்டு என்னும் எண்ணின் வடிவத்தில் வளைத்த கம்பிச் சுருளை மருத்துவர் அவர் தலையின் பக்கவாட்டில் வைத்து, கையின் கட்டைவிரல் தானாகத் துடிக்கும்வரையில் விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு விசை வேண்டும் என்பதை அந்தத் துடிப்பே சொல்லிவிடுகிறது. பிறகு சுருளை நெற்றிப்புறமாகச் சில சென்டிமீட்டர் நகர்த்துகிறார்கள். ‘டக் டக்’ என்ற சத்தம் பலமாக இருப்பதால் காதில் அடைப்பான் வைக்கிறார்கள். தலைத்தோலில் தட்டுவது போலிருக்கும், புருவம் துடிக்கும், சிலருக்குத் தலைவலி வரும். முடிந்ததும் எழுந்து நடந்தே போகலாம். வலிப்பு வருவதற்கும் இடமுண்டு, ஆனால் அது ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது.

‘கரண்ட் ஷாக்’ என்ற பயத்துக்கு நேர்மாறான பேராசையும் ஒன்று உண்டு. காந்தம் மூளைக்கு நல்லதென்றால், காந்தப் படுக்கையும் காந்த வளையலும் போதுமே என்று எண்ணி ஆயிரக்கணக்கில் பணத்தைச் செலவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1831-இல் பாரடே கண்ட உண்மை யாதெனில், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலந்தான் கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்பது. சிகிச்சைக் கருவி ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் ஒன்றரை, இரண்டு டெஸ்லா அளவுக்குக் காந்தப்புலத்தை எழுப்பி அடக்குகிறது. அந்த வேகமான மாற்றமே மண்டையோட்டைக் கடந்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள நரம்பணுக்களைக் கிளர்த்துகிறது. படுக்கைக்குள் தைத்த காந்தம் இரவெல்லாம் ஒரே நிலையில் கிடக்கிறது. அதனால் மூளையில் அப்படியொரு மின்னோட்டம் எழ வழியில்லை.

சர்வரோக நிவாரணி என்ற விளம்பரத்தையும் நம்பலாகாது. மருந்துகளால் போதிய குணம் காணாத மனச்சோர்வில்தான் காந்தத் தூண்டலுக்குப் பலமான ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் அதற்கு 2008-இலும், ஓயாத எண்ணச் சுழற்சி நோய்க்கு 2018-இலும் அனுமதி கிடைத்தது. பக்கவாதத்தில் செயலிழந்த கைக்கும் பேச்சுக்கும் ஆராய்ச்சிகள் நம்பிக்கை தருகின்றன, முடிவு இன்னும் ஸ்திரப்படவில்லை. ஆட்டிசம் கொண்ட குழந்தைக்கு இதனால் பூரண குணம் என்று சொல்லிப் பெற்றோரிடம் பணம் கேட்பவர், எத்தனை பட்டங்கள் பெற்றிருந்தாலும், நிரூபணமில்லாததையே விற்கிறார். மனச்சோர்விலேயே, 2010-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மெய்யான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேரும், பாசாங்குச் சிகிச்சை பெற்றவர்களில் ஐந்து பேருமே நோய் நீங்கினார்கள். இந்த வித்தியாசம் சிறியது, ஆயினும் மெய்யானது. பல மருந்துகளை விழுங்கியும் பயன் காணாதவருக்கு அதுவே பெரிது.

காந்தமின்றி, தலையில் ஈர மின்முனைகளை வைத்து இரண்டு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தும் மற்றொரு முறையைப் பெங்களூரு நிம்ஹான்ஸில் காதில் கேட்கும் மாயக் குரல்களுக்குப் பரிசோதித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே பேட்டரியைக் கட்டிக்கொள்வது தோலைப் பொசுக்கும் வேலை.

கெடார் போன்ற ஊரில் இருப்பவருக்கு மெய்யான தடை தூரமே. காந்தத் தூண்டலுக்காக வாரத்துக்கு ஐந்து நாளாக நான்கு முதல் ஆறு வாரம் பெருநகரத்துக்குப் போய்வருவதென்றால், கூலி வேலைக்காரருக்கும் உடன் செல்பவருக்கும் அத்தனை நாள் கூலியும் போயிற்று. முப்பத்தேழு நிமிஷச் சிகிச்சைக்குச் சற்றும் குறையாத பலனை மூன்று நிமிஷச் சிகிச்சையும் தருவதாக 2018-இல் வெளியான கானடா ஆய்வு காட்டியிருப்பதால், ஒரே கருவியில் ஒரு நாளைக்குப் பலரைப் பார்க்க முடியும். ஆகவே மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு அது வரவேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதுவரையில், முதலில் போகவேண்டிய இடம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவு. போக இயலாதவர் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும். எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் கிளிப்போ காதுக் கருவியோ பொருத்தியிருக்கிறதா என்பதை, மருத்துவர் கேட்காவிட்டாலும், தாமாகவே சொல்லிவிட வேண்டும்.